உப்பளத்துப் பூநாரையும் மா. கிருஷ்ணனும்

போன மாசி மாசம் மரக்காணம் உப்பளத்துல பூநாரைக் கூட்டம் இறங்கியிருந்துச்சு. பையன் கொடுத்த பழைய கேமராவோட ஓடினேன். வரப்புல நின்னு பலமா கையைத் தட்டினேன். மொத்தக் கூட்டமும் தண்ணி மேல நாலு எட்டு ஓடி எழும்பிச்சு. சிவப்பும் கருப்புமா றெக்கை விரிய, இருபது படம் எடுத்தேன்.

பக்கத்துப் பாத்தியில உப்பு வாரிக்கிட்டிருந்த அக்காகிட்ட பெருமையா காட்டினேன். பார்த்துட்டு, "பயந்து ஓடுறதுதான் தெரியுது. சாப்பிடுறவனை எழுப்பிவிட்டுத்தான் படம் புடிப்பாங்களா தம்பி?"ன்னு கேட்டாங்க. பதில் சொல்ல முடியல.

அப்பதான் மா. கிருஷ்ணன் ஞாபகம் வந்தது. 1912ல பிறந்தவர், 'பத்மாவதி சரித்திரம்' எழுதின அ. மாதவையாவோட மகன். 1950ல இருந்து 1996ல சாகுற வரைக்கும் கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில காட்டுயிர் பத்தி எழுதினார். பத்மஸ்ரீ வாங்கினார். பல உதிரிப் பாகங்களைச் சேர்த்து அவரே அமைச்ச கனமான கேமரா, கருப்பு வெள்ளை பிலிம். எடுத்ததும் பார்க்க அன்னிக்குத் திரை கிடையாது. கழுவின பிறகுதான் தப்பு தெரியும். அதனால பார்க்குறது முதல் வேலை, படம் அடுத்த வேலை. அந்த மிருகமும் பறவையும் என்ன செய்யுதுன்னு அவர் படம் சொல்லும்.

துப்பாக்கியால பறவை சுட்ட காலமும் இருந்தது. 1972ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நம்ம பக்கத்துக் கழுவேலியை 2021ல பறவைகள் சரணாலயமா அறிவிச்சாங்க. சட்டம் துப்பாக்கியைத் தடுத்துச்சு. என்னை மாதிரி கை தட்டுறவனை யார் தடுக்குறது? பூநாரை அலகைத் தலைகீழா தண்ணிக்குள்ள விட்டு, சின்னச் சின்ன உயிர்களையும் பாசியையும் சலிச்சுத் தின்னும். அவ்வளவு பெரிய உடம்புக்கு அது நாள் முழுக்க நடக்குற வேலை. ஒரு தடவை விரட்டினா தீனியும் போச்சு, பறக்குற தெம்பும் வீண்.

மறுநாள் விடிகாலையிலயே போய் உப்புக் குவியலுக்குப் பின்னால குந்தினேன். ஒரு மணி நேரம் அசையல. அதுங்களே மேய்ஞ்சுகிட்டு கிட்ட வந்துச்சுங்க. கண்ணுக்கு நேரா கேமராவைத் தாழ்த்தி வெச்சு எடுத்தேன்.

அக்கா பார்த்தாங்க. "இப்பதான் பூநாரை. ஆனா உடம்பு சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கே?"

உண்மைதான், வெயில் ஏறிடுச்சு. வெள்ளை இறகுல ஒரு கோடுகூட விழல. நாளைக்கு இன்னும் சீக்கிரம் போகணும்.