பொலிகாளை தெரியும், பொலிகுதிரை?

பொலிகாளைன்னா மதுரைப் பக்கம் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. பசுக்களோடு இணை சேர்க்கவென்றே வளர்க்கிற காளை. பொலிதல் என்றால் பெருகுதல். களத்தில் தூற்றிக் குவித்த நெல்லுக்கும் பொலி என்றுதான் பெயர். அகராதியில் பொலிகுதிரையும் இருக்கிறது. ஆனா பேச்சில் அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

காரணம் பாண்டியர் கஜானாவில் இருக்கிறது என்று நினைக்கிறேன். குதிரையை இங்கே பெருக்கலை, வாங்கினாங்க. கீஷ் தீவிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 1,400 குதிரைகள், ஒன்றுக்கு 220 செம்பொன் தினார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். கடலிலேயே செத்துப்போன குதிரைக்கும் பாண்டியன்தான் பணம் கொடுக்கணும்! எந்த வியாபாரிக்கு இப்படி ஒரு ஒப்பந்தம் கிடைக்கும்?

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ, உயர்ந்த ஆண் குதிரையை உயர்ந்த பெட்டையோடு சேர்த்தாலும் இங்கே கால் கோணிய குட்டிதான் பிறக்கும் என்கிறார். சோறும் இறைச்சியும் வேகவைத்துக் குதிரைக்குப் போட்டார்களாம். அதைவிட முக்கியமாக, குதிரை வைத்தியர்களை வணிகர்கள் இங்கே வரவிடுவதில்லை என்றும் சொல்கிறார். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு விலை! மண்ணைக் குறை சொல்வதைவிட இதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

திருவிளையாடலிலும் மாணிக்கவாசகர் பொன்னோடு போனது கடற்கரைக்குத்தான். பரியாக வந்த நரிகள் ராத்திரியே மறுபடி நரியாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துப் போட்டுவிட்டு ஓடின.