10 கிகாபிட் இழையும் 1988 விதியும்

2000-களின் தொடக்கத்தில் ஜெனிவா அருகே செர்ன் ஆய்வுக்கூடம் எல்.ஹெச்.சி. துகள் முடுக்கியைக் கட்டிக்கொண்டிருந்தது. அது கொட்டப்போகும் தரவை அட்லாண்டிக் தாண்டி அமெரிக்க ஆய்வகங்களுக்கு அனுப்பணும். 2003 வாக்கில் நொடிக்கு 10 கிகாபிட் போகும் கண்ணாடி இழை இணைப்பும் வந்துடுச்சு. ஆனா ரெண்டு கணினிகளுக்கு நடுவே சும்மா ஒரு ஃபைலை அனுப்பினால், கிடைப்பது அதில் ஒரு துளிதான். குற்றம் இழை மேல இல்லை.

கதை 1986 அக்டோபரில் தொடங்குது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் 400 கஜம் தூரம். அங்கே நொடிக்கு 32,000 பிட் போன இணைப்பு திடீர்னு 40 பிட்டுக்கு விழுந்தது. ஆமாம், நாற்பது! தொலைந்த பாக்கெட்டுகளை எல்லாக் கணினிகளும் திரும்பத் திரும்ப அனுப்பி வழியை அடைத்துவிட்டன. வான் ஜேக்கப்சன் 1988-இல் இதற்கு மருந்து எழுதினார். அதிலிருந்து வந்த டிசிபி விதி எளிமையானது: போய்வரும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பாக்கெட் கூட்டு, ஒண்ணு தொலைஞ்சா நெரிசல்னு எடுத்துக்கிட்டுப் பாதியாக்கு. இணையத்தைப் பிழைக்கவைத்தது இதுதான்.

இதையே 10 கிகாபிட் இழையில் போட்டுப் பாருங்க. பாக்கெட் 1,500 பைட், போய்வர 100 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்வோம். இழை நிறையணும்னா எந்நேரமும் சுமார் 83,000 பாக்கெட் வழியில் இருக்கணும். ஒண்ணு தொலைந்தால் 41,500. அங்கிருந்து சுற்றுக்கு ஒன்றாக ஏறி வர 4,150 நொடி, அதாவது ஒரு மணி நேரத்துக்கும் மேல! இந்த வேகம் நிலைக்க 500 கோடி பாக்கெட்டில் ஒன்றுக்கு மேல் தொலையக் கூடாது என்று சாலி ஃபிளாய்ட் 2003-இல் ஆர்.எஃப்.சி. 3649-இல் கணக்குப் போட்டுக் காட்டினார். நடக்கிற காரியமா?

விதியைத் தூக்கிப்போட முடியாது. அதே வழியில் மற்றவர்களும் போறாங்க. கிரிட்எஃப்டிபி போன்ற மென்பொருள்கள் ஒரே ஃபைலுக்குப் பல இணைப்புகளைத் திறந்தன. ஒன்றில் பாக்கெட் தொலைந்தால் அது மட்டும்தான் பாதியாகும். ரேஷன் கடை வரிசையில் ஒரே வீட்டுக்காரங்க நாலு பை வைத்து இடம் பிடிக்கிற மாதிரிதான். வேலை நடக்கும், ஆனா எனக்கு அது நியாயமாப் படலை.

நிலைத்தது நார்த் கரோலைனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் உருவான க்யூபிக். 2006-இல் லினக்ஸ் 2.6.19-இலிருந்து அதுவே இயல்புநிலை. சுற்றுகளை எண்ணாமல், கடைசி இழப்புக்குப் பின் எவ்வளவு நேரம் ஆச்சுன்னு பார்க்கும். பழைய உயரம் வரை வேகமா ஏறும், அங்கே நிதானிக்கும், பிறகு மறுபடி துணிந்து ஏறும். குறுகிய தூர இணைப்பில், அந்த 400 கஜம் போன்ற இடத்தில், பழைய விதிக்காரர்களோடு ஒத்தே போகும்.