தழும்பாகும் வழுக்கை: சிகிச்சை எதற்காக?

முடி கொட்டுகிறது என்றதும் நம்மவர் கேட்கும் முதல் கேள்வி, "என்ன எண்ணெய் வைக்கிறாய்?" என்பதுதான். உச்சந்தலையில் எரிச்சலாகத் தொடங்கி, நாணய அளவில் முடி போன எனக்கும் ஊரிலிருந்து கரிசலாங்கண்ணித் தைலம் வந்து சேர்ந்தது. ஆனால் எனக்கு வந்திருப்பது லைக்கன் பிளானோபைலாரிஸ் எனப்படும் நாட்பட்ட அழற்சி நோய். தைலத்துக்கு இதில் வேலையில்லை.

புழுவெட்டுடன் ஒப்பிட்டால் இது எளிதில் விளங்கும். புழுவெட்டில் உடலின் நோய் எதிர்ப்பு அணுக்கள் மயிர்க்காலின் அடிக்குமிழைத் தாக்குகின்றன. அதற்கு மேலே உள்ள மூல உயிரணுக்கள் தப்பிவிடுவதால் முடி மறுபடி முளைக்கலாம். இந்நோயிலோ தாக்குதல் அந்த மூல உயிரணுக்கள் இருக்கும் பகுதியிலேயே நடக்கிறது. மயிர்க்கால் அழிந்து அவ்விடம் தழும்பாகிவிடுகிறது. முடி போன இடம் துளைகளின்றி வழுவழுப்பாகவும், ஓரத்து முடிகளைச் சுற்றிச் சிவப்பும் செதிலுமாகவும் இருக்கும். பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நெற்றி முடி பின்வாங்கி, புருவமும் உதிரும் வகை ஒன்றுண்டு. அதை 1994இல் சிட்னி மருத்துவர் ஸ்டீவன் கொசார்ட் முதலில் விவரித்தார்.

நோயை உறுதி செய்ய 4 மி.மீ. அளவில் தோலை எடுத்துச் சோதிப்பார்கள். வழுக்கையின் நடுவில் எடுத்தால் வெறும் தழும்புதான் தெரியும். முடி மிஞ்சியிருக்கும் சிவந்த ஓரத்தில் எடுக்க வேண்டும்.

முதலில் க்ளோபெட்டசால் பூச்சு, ஓரங்களில் சில வாரங்களுக்கு ஒருமுறை ட்ரையம்சினலோன் ஊசி. அடங்காவிட்டால் டாக்ஸிசைக்ளின் அல்லது ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை. பின்னது மலேரியா மருந்து. விழித்திரையைப் பாதிக்கக்கூடும் என்பதால் உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மி.கி.க்கு மேல் போகாமல், கண் பரிசோதனையுடன் கொடுப்பார்கள். பலன் தெரிய மாதக்கணக்காகும்.

"முடி முளைக்கவில்லையே" என்று பலர் மருந்தை நிறுத்திவிடுவது இந்தக் கட்டத்தில்தான். சிகிச்சை, மிஞ்சியிருக்கும் முடியைக் காப்பதற்காக. தழும்பான இடத்தில் அது முடியை முளைக்க வைக்காது. நான் மாதம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் படமெடுத்து, ஓரம் நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். எரிச்சல் அடங்கி, சிவப்புக் குறைந்து, எல்லை நகராமல் நின்றால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். முடி நடும் சிகிச்சையை, நோய் ஓரிரு ஆண்டுகளாவது அடங்கியிருந்த பிறகே யோசிக்கலாம். நோய் திரும்பினால் நட்ட முடியும் போய்விடும்.

எரிச்சலோடு முடி போகிறதென்றால் உடனே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். தைலத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.