கூன்வண்டுகளுக்குப் பெயர் வைத்த வரலாறு

இந்தோனேசியாவின் சுலவேசித் தீவுக் காடுகளில் ட்ரைகோனோப்டெரஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த கூன்வண்டுகள் வாழ்கின்றன. சில மில்லிமீட்டர் நீளமே உடையவை, பறக்க இயலாதவை, இலைச்சருகுக்குள்ளும் செடிகளின் இலைகளிலும் காலம் கழிப்பவை. 1885 முதல் அத்தீவிலிருந்து இப்பேரினத்தின் ஒரே ஒரு சிற்றினம் மட்டுமே அறியப்பட்டிருந்தது. 2019இல் கார்ல்ஸ்ரூஹே இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் அலெக்சாண்டர் ரீடலும் போகோர் விலங்கியல் அருங்காட்சியகத்தின் ராடன் பிரமேசா நாரகுசுமோவும் ஒரே கட்டுரையில் மேலும் 103 சிற்றினங்களை விவரித்தனர்.

ஆள் போகாத தீவு அன்று சுலவேசி. ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1850களில் மக்காசரிலும் மெனாடோவிலும் தங்கிப் பூச்சி பிடித்தவர். மலாய்த் தீவுக்கூட்டத்தில் தாம் கழித்த எட்டு ஆண்டுகளில் திரட்டிய 1,25,660 உயிரின மாதிரிகளுள் 83,200 வண்டுகள் என்று அவரே கணக்குக் கொடுத்திருக்கிறார். அத்தகைய கண்கள் உலவிய தீவில், ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நூற்றுக்கும் அதிகமான சிற்றினங்கள் பெயரின்றிக் கிடந்தன. தேடியவர்கள் குறைவு என்பது ஒரு காரணம். இரண்டு வண்டுகளை ‘வேறு வேறு’ என்று சொல்ல எது சான்றாகும் என்ற கேள்விக்கான விடை இடையில் மாறியது என்பது இன்னொன்று. எனக்கு ஆர்வமூட்டுவது இந்த இரண்டாவது காரணமே.

லின்னேயஸின் மாணவரான ஜோஹான் கிறிஸ்தியன் ஃபாப்ரிசியஸ், 1775இல் பூச்சிகளை வாயுறுப்புகளின் அடிப்படையில் வகைப்படுத்தினார். ஆசிரியர் சிறகைப் பார்த்தார். மாணவர் வாயைப் பார்த்தார். ஆயினும் சிற்றினம் என்ற அளவில் ஃபாப்ரிசியஸ் எழுதிய விவரணைகள் பெரும்பாலும் ஓரிரு இலத்தீன் வரிகளே: நிறம், புள்ளி, பளபளப்பு, வாழிடம். அவ்வரிகளுக்குப் பொருந்தும் வண்டுகள் இன்று பத்துக்கூட இருக்கலாம். அகராதியில் ‘ஒருவகைப் பறவை’ என்று பொருள் எழுதப்பட்ட சொல்லைப் பார்த்துத் திகைத்தவர்களுக்கு இந்தச் சங்கடம் புரியும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பார்வை உடலுக்குள் நகர்ந்தது. பூச்சிகளின் ஆண், பெண் பிறப்புறுப்புகள் பூட்டும் சாவியும்போல ஒன்றுக்கொன்று பொருந்துபவை என்று பிரெஞ்சு அறிஞர் லியோன் டுஃபோர் 1844இல் கருதினார். 1912இல் டேவிட் ஷார்ப்பும் ஃபிரெடெரிக் மியூரும் வண்டினங்கள் முழுவதற்குமான ஆண் பிறப்புறுப்பு ஒப்பீட்டு உடற்கூற்றியலை வெளியிட்டனர். அதன்பின் வண்டு ஆய்வாளரின் மேசையில் வெந்நீரும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் நிலையான இடம் பிடித்தன. உலர்ந்த வண்டை வெந்நீரில் இளக்கி, வயிற்றைப் பிரித்து, காரக் கரைசலில் இட்டால் தசை கரைந்து கைட்டின் உறுப்பு மட்டும் எஞ்சும். வெளித்தோற்றத்தில் இரட்டையர்போல இருக்கும் இரு வண்டுகளின் உறுப்பு நுனி ஒன்றில் கூராகவும் மற்றொன்றில் மழுங்கியும் இருப்பது அப்போது தெரியவரும்.

இவ்வுறுப்பு மட்டும் ஏன் இவ்வளவு விரைவாக மாறுகிறது? பூட்டு–சாவிக் கருத்துக்கு வலுவான ஆதாரம் அதிகம் கிடைக்கவில்லை. இணைசேர்க்கையின்போது பெண் உயிரி செய்யும் தேர்வே காரணம் என்று வில்லியம் எபெர்ஹார்ட் 1985இல் வாதிட்டார். காரணம் பற்றிய விவாதம் தொடர்ந்தபோதும் கருவி பயன்பட்டுக்கொண்டே இருந்தது. கோட்பாடு தளர்ந்த பின்னும் நடைமுறை நீடிப்பது அறிவியல் வரலாற்றில் அரிதன்று.

இந்த முறைக்குக் கடும் வரம்பு ஒன்று உண்டு. ஆண் வண்டு கிடைக்கவேண்டும். பெண்ணோ புழுவோ மட்டும் கையில் இருந்தால் ஆய்வாளர் தயங்கி நிற்பார். மேலும், ஆயிரக்கணக்கான சிறு கருவண்டுகளை ஒவ்வொன்றாகப் பிளந்து பார்க்க ஓர் ஆயுள் போதாது.

2003இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹெபெர்ட்டும் குழுவினரும், மைட்டோகாண்டிரியாவிலுள்ள காக்ஸ்1 என்னும் மரபணுவின் ஏறத்தாழ 650 எழுத்து நீளமுள்ள ஒரு பகுதியைக் கொண்டே விலங்குகளை அடையாளம் காணலாம் என முன்மொழிந்தனர். டிஎன்ஏ பட்டைக்குறி என்று இது பெயர்பெற்றது. ஆணா பெண்ணா, புழுவா வளர்ந்ததா என்ற தடைகள் விலகின. ரீடல் குழுவினர் பயன்படுத்தியதும் இப்பகுதியையே. வண்டை எத்தனாலில் பாதுகாத்து, ஓட்டைச் சிதைக்காமல் டிஎன்ஏவைப் பிரித்தெடுத்தனர். எழுத்து வரிசைகளை ஒப்பிட்டுக் குழுக்களாகப் பிரித்தனர். பிறகு அதே வண்டின் உடலுக்குத் திரும்பி, உறுப்புகளைப் பிரித்துப் படமெடுத்து, மரபணு காட்டிய எல்லையை உடற்கூறும் ஏற்கிறதா என்று பார்த்தனர். 2013இல் இம்முறையில் நியூகினியாவிலிருந்து 101 புதிய சிற்றினங்கள் வெளிவந்தன. அத்தனைக்கும் இலத்தீன் வேர்ச்சொல் தேடுவது வீண் வேலை என்று கருதி, பப்புவாவின் தொலைபேசிப் புத்தகத்திலிருந்த குடும்பப் பெயர்களையே பலவற்றுக்குச் சூட்டினர். சுலவேசியின் 103இல் ஆஸ்டெரிக்ஸ், ஓபெலிக்ஸ், யோடா ஆகியோருக்கும் இடம் கிடைத்தது. டார்வின், வாட்சன், கிரிக், ஹெபெர்ட் பெயர்களும் உண்டு. பெயரிடுதலின் கண்ணியம் குறைந்துவிட்டது என்று முகம் சுளித்தவர்களோடு நான் உடன்படவில்லை. காடு அழியும் வேகத்தோடு போட்டியிடுபவருக்கு இந்தச் சலுகை தரலாம்.

மரபணு மட்டுமே போதாதா என்று கேட்கலாம். மைட்டோகாண்டிரியா தாய்வழியே மட்டும் கடத்தப்படுவது. இரு சிற்றினங்கள் எப்போதோ கலந்திருந்தால், ஒன்றின் மைட்டோகாண்டிரியா மற்றொன்றின் உடலில் தங்கிவிடக்கூடும். வோல்பாக்கியா என்னும் நுண்ணுயிரி தொற்றினால் எழுத்து வரிசைகளின் பரவலே திரிந்துபோகும். மொழியியல் படித்தவர்களுக்கு இது பழக்கமான சிக்கல். கடன்சொற்களை மட்டும் வைத்து மொழிக்குடும்பம் வரைந்தால் என்ன ஆகும் என்பதை முதல் பருவத்திலேயே கற்பிக்கிறார்கள். பொதுவாக எஞ்சிய பழமைகள் உறவைக் காட்டா, பொதுவாகத் தோன்றிய புதுமைகளே காட்டும் என்ற விதியும் அங்கே கற்றதுதான். அதே விதியைப் பூச்சியியலாளர் வில்லி ஹென்னிக் 1950இல் உயிரினங்களுக்கு வகுத்துத் தந்தார் என்பதைப் பின்னர் படித்தபோது, இரு துறைகளுக்கும் இடையே சுவர் இவ்வளவு மெல்லியதா என்று வியந்தேன்.

2021இல் கோஸ்டா ரிகாவின் 403 ஒட்டுண்ணிக் குளவிகள் பட்டைக்குறியையும் ஒரு புகைப்படத்தையும் மட்டுமே பெரும்பாலும் சார்ந்து விவரிக்கப்பட்டன. கடும் மறுப்பு எழுந்தது. ஆய்வகமும் நிதியும் இல்லாத நாட்டில் அமர்ந்திருப்பவர் அந்த விவரணையைக் கொண்டு ஒரு குளவியையும் அடையாளம் காண முடியாது என்ற வாதம், என் பார்வையில், மறுப்புகளுள் மிக வலியது. ரீடல் குழுவினரின் விவரணையில் சுருக்கமான உடல் விவரமும் உறுப்பின் படமும் இருப்பதால், உருப்பெருக்கி வைத்திருக்கும் எவரும் அதைச் சோதிக்கலாம்.

முறை எதுவாயினும் பெயர் தங்குவது மூலமாதிரி எனப்படும் ஒற்றை உடலில்தான். விலங்கியல் பெயரிடல் விதிகளின்படி, ஐயம் எழும்போது திரும்பிப் பார்க்கவேண்டியது அந்த ஊசியில் குத்திய வண்டை. சுலவேசி வண்டுகளின் மூலமாதிரிகள் இந்தோனேசியாவிலேயே, போகோர் அருங்காட்சியகத்துக்கு உரியவையாக உள்ளன. காலனிக் கால வழக்கத்தை நினைத்தால் இது சிறிய மாற்றமன்று.

நம் நிலைமைக்கு வருவோம். 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, புதிதாகக் கண்டறியப்படும் சிற்றினங்களின் மாதிரிகளை நியமிக்கப்பட்ட காப்பகங்களில் ஒப்படைக்கவேண்டும் என்கிறது. விலங்குகளுக்குக் கொல்கத்தாவிலுள்ள இந்திய விலங்கியல் ஆய்வகம் அத்தகைய காப்பகம். ஆனால் சட்டத்துக்கு முந்தைய இருநூறு ஆண்டுகளை அச்சட்டம் திருப்பிக் கொண்டுவராது. டேனியர் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடியில் பணிபுரிந்த டால்டார்ஃப் என்னும் படை அதிகாரி, 1790களில் அப்பகுதியின் பூச்சிகளைத் திரட்டி அனுப்பினார். அவற்றுள் பலவற்றுக்கு ஃபாப்ரிசியஸ் பெயரிட்டார். அம்மாதிரிகளை இன்று ஐரோப்பிய அருங்காட்சியக இழுப்பறைகளில்தான் தேடவேண்டும். அவற்றிலிருந்து டிஎன்ஏ எடுப்பது எளிதன்று. சிலவற்றில் உறுப்புகளும் எஞ்சவில்லை. காவிரிக் கழிமுகத்தில் இன்று ஒரு மாணவி பிடிக்கும் வண்டின் மரபணு வரிசை ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடலாம். அது ஃபாப்ரிசியஸ் பெயரிட்டதிலிருந்து வேறுபட்டதா என்று சொல்ல, அவள் கோபன்ஹேகனுக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்கவேண்டும்.