டெலிகிராஃபோனுக்கு ஓர் அஞ்சலி

டெலிகிராஃபோன் செத்ததற்கு ஊர் கூடி அழவில்லை. அது எப்போது செத்தது என்பதையே யாரும் குறித்து வைக்கவில்லை. பிறப்பு மட்டும் தெளிவாகத் தெரியும். கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் டெக்னீஷியனாக இருந்த வால்டெமார் பௌல்சன் 1898 டிசம்பரில் டென்மார்க்கில் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அப்போது அவருக்கு 29 வயது.

ஆளில்லாத வீட்டுக்கு வரும் போனில் சேதியைப் பிடித்து வைக்க வேண்டும் என்பதுதான் அவருடைய நோக்கம். பித்தளை உருளையில் பியானோவுக்கான எஃகுக் கம்பியைச் சுற்றினார். உருளை சுழலும்போது சின்ன மின்காந்தம் ஒன்று கம்பியைத் தொட்டபடி நகரும். பேசுபவரின் குரல் மின்னோட்டமாகி, கம்பியில் காந்தமாகத் தங்கிவிடும். வேண்டாமென்றால் அழித்துவிட்டு மறுபடி பதியலாம். எடிசனின் மெழுகு உருளையில் இந்த வசதி இத்தனை சுலபமில்லை. எஃகுத் தட்டில் பதியும் வடிவத்தையும் பௌல்சன் செய்து பார்த்தார். சுழலும் தட்டு, அதன்மேல் நகர்ந்து பதியும், படிக்கும் ஹெட்: ஹார்ட் டிஸ்கின் ஜாதகம் அங்கேயே எழுதப்பட்டுவிட்டது.

1900 பாரிஸ் கண்காட்சியில் அதற்குக் கிராண்ட் பிரி பரிசு கிடைத்தது. ஆஸ்திரியப் பேரரசர் ஃபிரான்ஸ் யோசஃப் அதில் பேசினார். அந்தக் குரல் இன்றும் டென்மார்க்கில் இருக்கிறது. எஞ்சியிருக்கும் காந்தப் பதிவுகளில் அதுவே மிகப் பழையது.

ஆனால் ஒலி மெலிந்தது. காதில் ரிசீவரை அழுத்திக்கொண்டுதான் கேட்க வேண்டும். கம்பி வினாடிக்குச் சுமார் 2 மீட்டர் ஓட வேண்டியிருந்ததால், அரை மணி நேரப் பேச்சுக்கு மூன்றரை கிலோமீட்டருக்கு மேல் கம்பி தேவைப்பட்டது. அமெரிக்காவில் அதை விற்கக் கிளம்பிய கம்பெனி பங்கு விற்றதில் காட்டிய சுறுசுறுப்பைக் கருவி விற்றதில் காட்டவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. முதல் உலகப் போர் முடிந்த கையோடு அது நொடித்துப்போனது.

கருவிக்குத் தேவைப்பட்டது மெலிந்த ஒலியைப் பெருக்கும் ஓர் ஆம்ப்ளிஃபயர். அது பிறந்த இடம்தான் வேடிக்கை. பௌல்சன் அதற்குள் வானொலி அலை உண்டாக்கும் ஆர்க் கருவிக்குத் தாவியிருந்தார். அந்த ஆர்க் கருவிக்கான உரிமையை டென்மார்க்கிலிருந்து வாங்கி 1909-இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். அங்கே வேலை பார்த்த லீ டி ஃபாரஸ்ட் 1912-இல் வால்வை ஆம்ப்ளிஃபயராக்கினார். தகப்பனின் இரண்டாம் பிள்ளை வீட்டில் கிடைத்த மருந்து, மூத்த பிள்ளைக்கு நேரத்தில் போய்ச் சேரவில்லை.

தட்டில் எழுதிய ஜாதகம் பலித்ததும் அந்தப் பக்கத்தில்தான்: பாலோ ஆல்டோவுக்குப் பக்கத்திலுள்ள சான் ஹோசேயிலிருந்து 1956-இல் ஐபிஎம் முதல் டிஸ்க் டிரைவைக் கொண்டுவந்தது. பிறகு ஹெட் செய்வது ஒரு தொழில், தட்டு செய்வது வேறொரு தொழில் என்று பிரிந்தது. அந்நாளில் டிரைவ் கம்பெனிகள் ஒரே ஹெட்டை இரண்டு மூன்று பேரிடம் வாங்கின. ஹெட் செய்பவர்கள் ஒவ்வொரு புது மாடலுக்கும் சோதனையில் தேற வேண்டியிருந்தது. ஒரு தலைமுறை தவறினால் அடுத்ததற்குக் காசு இருக்கவில்லை. 1991-இல் ஐபிஎம் காந்தத்தடை ஹெட்டை டிரைவில் வைத்தது: பழைய சுருளுக்குப் பதிலாக, காந்தம் பட்டால் மின்தடை மாறும் மெல்லிய படலம் தகவலைப் படித்தது. 1957-இல் தொடங்கிய ஹெட் கம்பெனியான அப்ளைடு மேக்னெட்டிக்ஸ் பழைய ரகத்தையே அதிக நாள் நம்பியது. 1997-இல் போட்டியாளரான ரீட்-ரைட்டை விழுங்கப் பார்த்தது, முடியவில்லை. 2000-இல் திவாலானது. 2003-இல் ரீட்-ரைட்டும் விழ, அதன் சொத்துகளை வெஸ்டர்ன் டிஜிட்டல் எடுத்துக்கொண்டது. 2007-இல் தட்டு செய்த கோமாக்கையும் அதுவே வாங்கியது. அடுத்தவர் கையிலிருந்த ஒரு பாகம் நேரத்துக்கு வராமல் டெலிகிராஃபோன் போனது போலவே, ஹெட் வியாபாரிகளும் அடுத்தவர் கண்டுபிடித்த ஒரு படலத்துக்குப் பின்னால் ஓடியே மூச்சு வாங்கினார்கள்.

சீகேட்டும் வெஸ்டர்ன் டிஜிட்டலும் இன்று ஹெட்டைத் தாங்களே செய்துகொள்கின்றன. வெளியே விற்க ஜப்பானின் டிடிகே மட்டும் மிச்சம்.