சர்ப்பகந்தா உணர்த்திய உண்மை

மனச்சிதைவு நோயாளியின் கை நடுங்குவதையும் நடை தளர்வதையும் காண்போர், நோய் முற்றிவிட்டது என்றே முடிவு செய்துவிடுகின்றனர். இக்கோளாறுகள் நோயினால் விளைந்தனவா, மருந்தினால் விளைந்தனவா? இவ்வினா தெளிவுபெற்ற வரலாற்றில் டில்லி திப்பியாக் கல்லூரிக்கும் ஓர் இடமுண்டு.

யூனானி மருத்துவ மேதை ஹகீம் அஜ்மல் கானின் எண்ணத்தை ஏற்று, அக்கல்லூரியில் மூலிகை ஆய்வைத் தொடங்கியவர், ஜெர்மனியில் வேதியியல் பயின்று திரும்பிய சலீமுஸ்ஸமான் சித்தீகி. சர்ப்பகந்தா வேரிலிருந்து தாம் பிரித்தெடுத்த பொருளுக்கு, 1927இல் மறைந்த ஹகீமின் நினைவாக 'அஜ்மலின்' என்று பெயரிட்டு 1931இல் வெளியிட்டார். அதே ஆண்டில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர், அவ்வேர் இரத்த அழுத்தத்தைத் தணிப்பதையும் சித்தப்பிரமையை அடக்குவதையும் எழுதினர்.

1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் அவ்வேரிலிருந்தே ரெசர்பினைப் பிரித்தனர். அவ்வாண்டிலேயே பாரிஸில் டிலே, டெனிக்கர் ஆகியோர் குளோர்புரோமசினை மனநோய்க்குப் பயன்படுத்தினர். இரு மருந்துகளும் உள்ளக் கொந்தளிப்பை அடக்கின. உடலிலோ பார்க்கின்சன் நோயை ஒத்த விறைப்பையும் நடுக்கத்தையும் தோற்றுவித்தன.

காரணத்தைத் துலக்கியவர் சுவீடன் அறிஞர் ஆர்விட் கார்ல்சன். ரெசர்பின் செலுத்தப்பட்டு அசைவற்றுக் கிடந்த முயல்கள், டோபா கொடுத்ததும் எழுந்து நடமாடியதை 1957இல் அவர் அறிவித்தார். மூளையில் டோபமைன் குன்றினால் இயக்கமும் குன்றும் என்பது இவ்வழியே புலனாயிற்று. 2000ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்ற மூவருள் அவரும் ஒருவர்.

ஆயினும் பழி முழுவதும் மருந்தைச் சாராது. இம்மருந்துகள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே, 1874இல், ஜெர்மானிய மருத்துவர் கால்பாம், உறைந்த நிலையில் அசைவற்றிருக்கும் மனநோயாளிகளைப் பற்றி நூலெழுதினார். மருந்தே உண்ணாத மனச்சிதைவு நோயாளிகள் சிலரிடமும் இயக்கக் கோளாறுகள் காணப்படுகின்றன.

இவ்வேறுபாட்டை அறியாமையால் நேரும் தீங்கு பெரிது. மருந்தினால் ஓரிடத்தில் இருக்கவொண்ணாது தவிப்பவரை நோய் முற்றியவராகக் கருதி மருந்தைக் கூட்டினால், தவிப்பும் கூடும். நடுக்கத்திற்கு அஞ்சிக் குடும்பத்தார் தாமே மருந்தை நிறுத்தினால், அடங்கிய நோய் மீளும். நெடுநாள் சிகிச்சையில் வாயும் நாவும் தாமே அசையும் கோளாறுக்கு 2017 முதல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்துகளும் உள்ளன. ரெசர்பின் தாக்கும் அதே வகைப் புரதத்தையே அவையும் கட்டுப்படுத்துகின்றன என்பது வியப்புக்குரியது.

மனநோயாளியின் சொல்லைக் கேட்பதோடு அவர்தம் கைகால்களையும் நோக்குவது மருத்துவர் கடன்; கண்ட மாற்றத்தை மறைக்காமல் அவரிடம் உரைப்பது உற்றார் கடன்.