மின்தடையும் வீட்டுத் தொலைபேசியும்

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஆறாம் ஆண்டு மாணவர்களை 'மின்தடை ஏற்பட்ட இரவு' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்திருந்தேன். ஒரு மாணவன், மின்சாரம் நின்றதும் வீட்டுத் தொலைபேசியும் நின்றுவிட்டதாக எழுதியிருந்தான். தொலைபேசிக்கு வீட்டு மின்சாரம் தேவையில்லை என்று பக்க ஓரத்தில் சிவப்பு மையால் குறித்துவிட்டேன். மறுநாள் அவன் ஏட்டோடு என் மேசையருகே வந்து, "ஐயா, எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆகும்" என்றான். அவன் எழுதியதே சரி. திருத்தம் எனக்குத்தான் தேவைப்பட்டது.

என் தவறுக்குக் காரணம் பழைய நினைவு. 1996 ஆகஸ்டு 3ஆம் நாள் மாலை, திரெங்கானு மாநிலத்தின் பாக்காவில் தொடங்கிய மின்கோளாறு தீபகற்ப மலேசியா முழுவதையும் இருளில் ஆழ்த்தியது. அன்றிரவு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அம்மா தொலைபேசியை எடுத்து, வேறோர் ஊரிலிருந்த என் அக்காளிடம் பிள்ளைகள் பயந்தார்களா என்று விசாரித்தார். விளக்கு எரியாத வீட்டில் தொலைபேசி மட்டும் உயிரோடிருப்பதை நாங்கள் யாரும் வியப்பாகக் கருதவில்லை.

அந்த உயிர் எங்கிருந்து வந்தது? 1876இல் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றபின் வந்த தொடக்ககாலக் கருவிகளுக்கு, அவை இருந்த வீட்டிலேயே மின்கலம் வைக்க வேண்டியிருந்தது. கலம் தீர்ந்தால் பேச்சும் தீர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பொறியாளர்கள் அம்மின்கலங்களை வீடுகளிலிருந்து அகற்றித் தொலைபேசி நிலையத்தில் ஒன்றுசேர்த்தனர். நிலையத்தில் வரிசை வரிசையாக அடுக்கிய ஈயக்கலங்கள் ஏறத்தாழ 48 வோல்ட் மின்சாரத்தைச் செப்புக் கம்பி வழியாகவே ஒவ்வொரு வீட்டிற்கும் அனுப்பின. குரல் சென்ற அதே கம்பியில் மின்சாரமும் வந்தது. ஊரில் மின்சாரம் நின்றாலும் நிலையத்துக் கலங்கள் தாங்கின. அவற்றின் பின்னே டீசல் மின்னாக்கி காத்திருந்தது. நாம் இலவசம் என்று எண்ணியதைக் காக்க, அங்கே இரவும் பகலும் ஆள்கள் இருந்தனர்.

அனலாக் முறை ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. நிலையங்களின் உட்புறம் முன்னரே இலக்கமுறைக்கு மாறிவிட்டது. அங்கே குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து எண்களாக்கினர். வீட்டிற்கும் நிலையத்திற்கும் இடைப்பட்ட அந்தக் கடைசிக் கம்பி மட்டுமே பழைய முறையில் எஞ்சி நின்றது. 1995இல் வோக்கல்டெக் என்னும் இஸ்ரேலிய நிறுவனம் கணினிவழிப் பேச்சு மென்பொருளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் அக்கம்பிக்கும் நாள் குறிக்கப்பட்டது எனலாம். நம் நாட்டில் 2010 மார்ச் மாதம் ஷா ஆலாம், சுபாங் ஜெயா, தாமான் துன் டாக்டர் இஸ்மாயில், பங்சார் ஆகிய நான்கு நிலையப் பகுதிகளில் யூனிஃபை சேவை தொடங்கியது. கண்ணாடி இழை வீடு வரை வந்தது. அது ஒளியைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே ஒளியைக் குரலாக மாற்றும் பெட்டி வீட்டுச் சுவரிலுள்ள மின்செருகியை நம்பி வாழ்கிறது. நூறாண்டுக்கு முன் வீட்டை விட்டுச் சென்ற மின்கலத்தின் பொறுப்பு மீண்டும் வீட்டிற்கே திரும்பிவிட்டது. திரும்பியதைத்தான் பலரும் அறியவில்லை.

இதனால் என்ன நேரும் என்பதைப் பிரிட்டனின் அனுபவம் காட்டுகிறது. நாம் அவசரத்திற்கு அழைக்கும் 999 என்ற எண்ணின் பிறப்பிடமும் அதுவே. 1935 நவம்பரில் இலண்டன் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பற்றி ஐந்து பெண்கள் மாண்டனர். தீயணைப்புப் படையை அழைக்க முயன்ற அண்டை வீட்டாரின் அழைப்பு மற்ற அழைப்புகளோடு வரிசையில் காத்துக் கிடந்தது. அதன் விளைவாக 1937 ஜூன் 30இல் 999 நடைமுறைக்கு வந்தது. அதே நாட்டில், புயலால் மின்சாரம் துண்டிக்கப்பட்ட வீடுகளின் நிலை கண்டு, இணையவழித் தொலைபேசிக்கு மக்களை மாற்றும் பணியை 2022 மார்ச்சில் பிடி நிறுவனம் நிறுத்தி வைத்தது. தனித்து வாழும் முதியோர் கழுத்தில் அணியும் அவசரப் பொத்தான்களை அங்கே ஏறத்தாழ 18 இலட்சம் பேர் நம்பியிருக்கின்றனர். மாற்றத்திற்குப் பின் சில பொத்தான்கள் வேலை செய்யாமற்போகவே, 2023 டிசம்பரில் கட்டாய மாற்றங்கள் நிறுத்தப்பட்டன. 2025 இறுதி என்றிருந்த கெடு 2027 சனவரிக்குத் தள்ளிப்போனது. கைப்பேசி இருக்கிறதே என்று சிலர் கேட்கக்கூடும். மின்தடை நீண்டால் கோபுரங்களின் மின்கலமும் தீர்ந்துவிடும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

மாணவன் சென்ற பிறகுதான் அம்மாவின் வீடு நினைவுக்கு வந்தது. எழுபத்தெட்டு வயது; தனி வாசம்; கைப்பேசியின் சிறு எழுத்துகள் அவருக்குத் தெரியா. அவ்வீட்டுச் செப்பு இணைப்பை இழைக்கு மாற்றும் படிவத்தில் கையொப்பமிட்டவன் நான்தான். பேரப்பிள்ளைகள் வந்தால் இணையம் வேகமாக இருக்கட்டும் என்பதே அன்று என் கணக்கு.

அந்தச் சனிக்கிழமை அங்கே சென்று முதன்மை மின்விசையை அணைத்தேன். அம்மா ஒலிவாங்கியைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "சத்தமே இல்லையே ஐயா" என்றார். அவர் அதைத் திரும்ப வைக்கவில்லை. ஏதேனும் வருமா என்று கேட்டுக்கொண்டே நின்றார். பிற்பகலில் பட்டணம் சென்று, கணினிக்குப் பயன்படுத்தும் யுபிஎஸ் மின்கலப் பெட்டி ஒன்றை வாங்கிவந்து, இழைப் பெட்டியையும் ரூட்டரையும் அதில் செருகினேன். மீண்டும் விசையை அணைத்தேன். மின்விசிறி சுழன்று ஓய்ந்தது. இம்முறை இணைப்பொலி கேட்டது. அம்மா உடனே என் அக்காளுக்கு எண்களை அழுத்தத் தொடங்கினார்.